முட்டை நின்ற கோழி: அறுப்பதற்கு முன் கையால் தொட்டுப் பாருங்கள்

கொல்லையிலோ மொட்டைமாடியிலோ எட்டுப் பத்து கோழி வைத்திருப்பவர்கள் இரண்டாவது, மூன்றாவது வருடத்தில் தவறாமல் வந்து நிற்கும் இடம் இது. தீவனம் குறையாமல் போகிறது, முட்டைக் கூடையில் ஒன்றும் இல்லை. அறுப்பதா, விற்பதா, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விடுவதா?

இந்த இடத்தில் பலரும் கூட்டத்தை மொத்தமாக எடை போட்டுவிடுகிறார்கள். "எல்லாம் கிழடாயிடுச்சு" என்று அத்தனையையும் சந்தைக்கு ஏற்றினால், இன்னும் இரண்டு மூன்று வருடம் அடைகாக்கக்கூடிய அருமையான தாய்க்கோழியும் அதோடு போய்விடும். இன்னொரு பக்கம், வயிற்றில் நீர் கோத்து நடக்க முடியாமல் தவிக்கும் கோழியை "பாவம், இருக்கட்டும்" என்று மாதக்கணக்கில் வைத்திருப்பதும் நடக்கிறது. இரண்டுமே கோழிக்கும் நல்லதில்லை, வளர்ப்பவருக்கும் நல்லதில்லை. ஒவ்வொரு கோழியையும் தனியாகக் கையில் எடுத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

முதலில் இனத்தைப் பாருங்கள். நாட்டுக்கோழி, சிறுவிடையோ பெருவிடையோ, ஆறு ஏழு மாதத்தில் முட்டைக்கு வரும். 12 முதல் 15 முட்டை வரை ஒரு சுற்று இடும், அடைக்கு உட்காரும், குஞ்சுகளோடு இரண்டு மூன்று மாதம் சுற்றும், மறுபடி தொடங்கும். வருடத்துக்கு 60 முதல் 80 முட்டை கிடைத்தாலே நல்ல கோழி. இதனிடம் "ரெண்டு மாசமா முட்டையே இல்லை" என்பது குறையே அல்ல, அதன் இயல்பு. பி.வி. 380 போன்ற கலப்பின முட்டைக்கோழி வேறு சாதி. 20 வாரத்தில் தொடங்கி, நல்ல தீவனம் இருந்தால் ஏறக்குறைய தினமும் இடும். அடைக்கு உட்காராது. நாமக்கல் பண்ணைகளில் முட்டைக்கோழிகளைப் பொதுவாக 72 முதல் 80 வாரத்துக்குள், சில இடங்களில் அதற்கும் பிறகு, கழித்துவிடுகிறார்கள். அந்த வயதில் முட்டை அடியோடு நின்றுவிடுவதில்லை. எண்ணிக்கை குறைந்து, ஓடு மெலிந்து, தீவனச் செலவுக்குக் கட்டாமல் போகிறது. வீட்டில் அதே கோழி மூன்றாவது வருடம் வரைகூட வாரத்துக்கு மூன்று நான்கு முட்டை தரலாம்.

வயது ஏற ஏற முட்டை குறைவது எல்லா இனத்துக்கும் பொது. முதல் வருடம் இட்டதில் இரண்டாம் வருடம் ஆறில் ஒரு பங்கு போலக் குறையும், அடுத்த வருடம் அதிலிருந்து இன்னும் குறையும். முட்டை பெரிதாகும், ஆனால் ஓட்டுக்குக் கிடைக்கும் சுண்ணாம்பு அதே அளவுதான் என்பதால் ஓடு மெலியும். ஆகவே படிப்படியாகக் குறைந்து வந்தால் வயது. திடீரென்று நின்றால் பெரும்பாலும் வயது காரணமல்ல. சந்தேகம் வந்தால் இந்த ஒரு வித்தியாசத்தை முதலில் யோசியுங்கள்.

உண்மையில் நின்றுவிட்டதா?

மேயவிடும் கோழி வைக்கோல் போரிலோ வேலியோரப் புதரிலோ இட்டுக்கொண்டிருக்கலாம். இதைக் கண்டுபிடிக்கப் பழைய வழிதான் சிறந்தது. காலையில் கூட்டைத் திறக்கும் முன் ஒவ்வொன்றாகப் பிடித்து, ஆசனவாய்க்குக் கீழே இரு பக்கமும் விரலால் மெல்லத் தடவினால், அன்று இடப்போகும் முட்டை கட்டியாகத் தட்டுப்படும். தட்டுப்பட்ட கோழியைப் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்துவிடுங்கள், மதியத்துக்குள் இட்டுவிடும். கூட்டில் முட்டை கிடைக்கிறது, ஆனால் யார் இடுவது என்று தெரியவில்லை என்றால், கேசரிப் பவுடரைத் தேங்காய் எண்ணெயில் குழைத்துச் சந்தேகப்படும் கோழியின் ஆசனவாயைச் சுற்றித் தடவுங்கள். அது இட்டால் ஓட்டில் ஆரஞ்சுத் தீற்றல் இருக்கும். மூன்று நாள் பார்த்தால் போதும். பருத்த கோழிகள் நாலைந்து சேர்ந்து முட்டையைக் கொத்திக் குடிக்கும் கூட்டங்களும் உண்டு. வைக்கோலில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

இனி கையால் பார்ப்பது. பொழுது சாய்ந்து கோழிகள் இரவில் அடையும் கொம்பில் ஏறிய பிறகு எடுங்கள், பதறாது. இடது கையால் நெஞ்செலும்பின் அடியில் தாங்கி, தலை உங்கள் முழங்கைப் பக்கம் இருக்கும்படி அணைத்துக்கொள்ளுங்கள். வலது கைக்கு ஆசனவாய் எதிரே வரும். அதன் இரு பக்கமும் இரண்டு மெல்லிய எலும்பு முனைகள் தட்டுப்படும். அதுதான் இடுப்பெலும்பு. முட்டையிடும் நாட்டுக்கோழிக்கு இரண்டு விரல் தாராளமாக நுழையும் இடைவெளி இருக்கும், கலப்பினத்துக்கு மூன்று விரல். முனைகளும் வளைந்து கொடுக்கும். நின்றுவிட்ட கோழிக்கு ஒரு விரல்கூட நுழையாது, முனைகள் விறைத்து, கொழுப்பு படிந்து தடித்திருக்கும். அடுத்து அந்த எலும்புக்கும் நெஞ்செலும்பின் கடைசி முனைக்கும் நடுவே உள்ள வயிறு. இடும் கோழிக்கு அங்கே மூன்று நான்கு விரல் வைக்கலாம், தோல் மெத்தென்று தளர்ந்திருக்கும். நின்றதற்கு இரண்டு விரல், கெட்டியாக.

இறகை ஊதி விலக்கி ஆசனவாயைப் பாருங்கள். இடும் கோழிக்கு அது அகலமாக, ஈரமாக, வெளுத்து, நீள்வட்டமாக இருக்கும். நின்றதற்குச் சிறுத்து, வறண்டு, சுருக்குப்பையின் வாய் போல வட்டமாக இருக்கும். கொண்டையும் சொல்லும். இடும்போது சிவந்து, தொட்டால் சூடாக, மெழுகு தேய்த்த மாதிரி. நின்றபின் வெளிறி, சுருங்கி, மேலே மாவு பூத்தது போல.

மஞ்சள் கால் கோழிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. தீவனத்தில் வரும் மஞ்சள் நிறமி முட்டைக் கருவுக்குப் போய்விடுவதால், இடத் தொடங்கியதும் உடம்பு வெளுக்க ஆரம்பிக்கிறது. முதலில் ஆசனவாய், பிறகு கண் வளையம், பிறகு அலகு, கடைசியில் கால். கால் முழுக்க வெளுக்க நாலைந்து மாதம் ஆகும். நிறுத்தினால் அதே வரிசையில் மஞ்சள் திரும்பும். ஆசனவாய் மஞ்சளாகி, கால் இன்னும் வெளுப்பாக இருந்தால், பல மாதம் நன்றாக இட்ட கோழி, இப்போதுதான் நிறுத்தியிருக்கிறது. அதை அவசரப்பட்டுக் கழிக்க வேண்டாம். கருங்கால் கோழிக்கும் கடக்நாத்துக்கும் இந்தக் கணக்கு உதவாது.

வயது அல்லாத காரணங்கள்

அதிகம் பேர் ஏமாறுவது இறகு உதிர்க்கும் பருவத்தில். புரட்டாசி தொடங்கிக் கார்த்திகை வரை பல கோழிகள் கழுத்திலிருந்து தொடங்கி முதுகு, நெஞ்சு, இறக்கை, வால் என்று உதிர்த்துப் புது இறகு போடும். இறகு கிட்டத்தட்ட முழுக்கப் புரதம்தான். இறகும் முட்டையும் இரண்டும் செய்ய உடம்பில் சத்து இருக்காது, அதனால் 8 முதல் 12 வாரம் முட்டை நிற்கும். பார்ப்பதற்கு நோய்வாய்ப்பட்ட மாதிரி இருப்பதால் இந்த நேரத்தில்தான் நிறைய நல்ல கோழிகள் கத்திக்குப் போகின்றன. இறக்கையை விரித்துப் பாருங்கள். வெளிப்பக்கம் பத்து பெரிய இறகுகள் இருக்கும். நன்றாக இடும் கோழி அவற்றில் மூன்று நான்கை ஒரே நேரத்தில் உதிர்த்துச் சீக்கிரம் முடித்துவிடும். மட்டமான கோழி ஒவ்வொன்றாக உதிர்த்து மாதக்கணக்கில் இழுக்கும். பார்க்க அழகாக, முழு இறகோடு இருப்பது சோம்பேறிக் கோழியாகவும், பறித்துப்போட்டது போல அலங்கோலமாக இருப்பது கூட்டத்தின் சிறந்த கோழியாகவும் இருக்கலாம்.

பகல் நீளத்தைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். குளிர்நாடுகளில் அது பெரிய விஷயம். நம் ஊரில், சென்னையில்கூட, மார்கழிப் பகலுக்கும் ஆனிப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். நாட்டுக்கோழிக்கு விளக்கு போட வேண்டியதில்லை. கலப்பினத்துக்கு மட்டும், முழுத் தீவனம் போடுபவராக இருந்தால், விடிவதற்கு முன் இரண்டு மூன்று மணி நேரம் ஒரு சிறிய எல்.இ.டி. பல்பு எரியவிடலாம். மாலையில் போட்டால் விளக்கு அணையும்போது கொம்பில் ஏற முடியாமல் தரையில் தங்கிவிடும்.

வெயில்தான் நமக்குப் பெரிய எதிரி. 35 டிகிரியைத் தாண்டினால் கோழி வாயைத் திறந்து மூச்சு வாங்கும். அந்த மூச்சிலேயே ரத்தத்தில் இருக்கும் கரியமில வாயு வெளியேறி, ஓடு கட்டத் தேவையான சேர்மானம் குறைகிறது. முதலில் ஓடில்லாத தோல் முட்டை, பிறகு முட்டையே இல்லை. ஒரு கோழி நாளைக்கு 200 முதல் 250 மில்லி தண்ணீர் குடிக்கும், கத்திரி வெயிலில் அதைப் போல இரண்டு மடங்கு. சித்திரை மதியத்தில் தண்ணீர்ச் சட்டி ஒரு பொழுது காலியாக இருந்தாலே பல நாள் முட்டை நின்றுவிடும். வெயிலில் கொதிக்கும் பிளாஸ்டிக் கிண்ணத் தண்ணீரை அது குடிக்காது. மண்சட்டி, நிழல், இரண்டு இடம்.

அடுத்தது தீவனம். அரிசி, கம்பு, சோளம் மட்டும் போட்டால் புரதம் 10 சதவீதத்தைத் தாண்டுவதே கஷ்டம், முட்டைக்கு 16 முதல் 18 வேண்டும். 10 கிலோவுக்கு இப்படிக் கலக்கலாம்: உடைத்த மக்காச்சோளமோ கம்போ 5 கிலோ, கடலைப் புண்ணாக்கோ சோயாப் புண்ணாக்கோ 2 கிலோ, தவிடு ஒன்றரைக் கிலோ, உப்பில்லாக் கருவாட்டுத் தூள் 700 கிராம், கிளிஞ்சல் தூள் 700 கிராம், தாது உப்புக் கலவை 100 கிராம். உப்புக் கருவாடு போட்டால் தண்ணீராகக் கழியும். கடலைப் புண்ணாக்கில் பூசண வாசனை வந்தால் மாட்டுக்குப் போடலாம் என்று ஒதுக்காதீர்கள், எதற்கும் போடாதீர்கள். அந்தப் பூசண நஞ்சு ஈரலைக் கெடுக்கும், முட்டை மெல்ல மெல்ல நிற்கும், காரணமே பிடிபடாது.

குடற்புழு, பேன், கூட்டின் இடுக்கில் ஒளிந்து இரவில் ரத்தம் குடிக்கும் செவ்வுண்ணி மூன்றும் முட்டையை நிறுத்தும். எச்சத்தை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குப் போனால் புழு இருக்கிறதா என்று பார்த்துச் சொல்வார்கள். வெள்ளைக்கழிச்சலிலிருந்து பிழைத்த கோழி பல வாரம் முட்டையிடாது, இட்டாலும் ஓடு கோணலாக இருக்கும். தடுப்பூசி தவறவிடாதீர்கள்.

அடைக்கு உட்கார்ந்த கோழியை அடையாளம் காண்பது எளிது: கிட்டே போனால் உப்பிக்கொண்டு கொர்ரென்று சீறும், வயிற்று இறகு உதிர்ந்திருக்கும். அடை தேவையில்லை என்றால், அடிப்பக்கம் கம்பிவலை உள்ள கூண்டில், காற்று கீழிருந்து படும்படி, தண்ணீர் தீவனத்தோடு மூன்று நான்கு நாள் வையுங்கள். தெளிந்துவிடும். மூக்கில் இறகைச் செருகுவதும் தொட்டித் தண்ணீரில் முக்குவதும் வேண்டாத கொடுமை.

திரும்ப வராதவை

இத்தனையும் பார்த்து, இரண்டு மூன்று மாதம் நல்ல தீவனம் கொடுத்தும் இடுப்பெலும்பு விரியவில்லை என்றால் நின்றுவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். அதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஆரோக்கியமாக நின்றது. இன்னொன்று, உள்ளே கெட்டு நின்றது. கலப்பின முட்டைக்கோழியில் இரண்டு வயதுக்கு மேல் இரண்டாவது வகை மிக அதிகம்.

உள்ளே கெடுவது என்றால் இவைதான்: முட்டைக் கரு முட்டைக்குழாய்க்குள் போகாமல் வயிற்றுக்குள் விழுந்து அழுகுவது, முட்டை பாதியில் சிக்கிக்கொள்வது, சினைப்பையில் கட்டி. கட்டி என்பது அபூர்வமல்ல, தானாகவே சினைப்பைப் புற்றுநோய் வரும் உயிரினம் என்பதால்தான் கோழியை வைத்து அந்த நோயை ஆராய்கிறார்கள். அறிகுறி ஒன்றுதான் முக்கியம்: பின்பக்கம் கனத்து, நிமிர்ந்து நின்று, கால்களை அகட்டி வாத்து போல நடக்கும். வயிற்றைத் தொட்டால் தண்ணீர் நிரப்பிய பலூன் போல ஆடும், நெஞ்செலும்போ கத்தி முனை போலத் துருத்தியிருக்கும். கொண்டை ஓரம் நீலம் பாய்ந்தால் மூச்சுக்கே சிரமப்படுகிறது. இந்தக் கோழி தேறாது. நீரை ஊசியால் எடுத்தாலும் சில நாளில் திரும்பக் கோக்கும். இதை அன்றே வலியில்லாமல் முடித்துவிடுவதுதான் நாம் அதற்குச் செய்யக்கூடிய நல்லது. கறிக்கும் எடுக்காதீர்கள், மூன்றடிக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். ஒரே நாளில் பல கோழி சுருண்டு விழுந்தால் அறுக்கவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம், கால்நடைத் துறைக்குச் சொல்லுங்கள்.

"பெட்டைக்கோழி கூவிப் பொழுது விடியுமா" என்பார்கள். ஆனால் கூவும் பெட்டை உண்மையிலேயே உண்டு. கோழிக்கு வேலை செய்வது இடப்பக்கச் சினைப்பை மட்டும். அது நோயால் அழிந்தால், வளராமல் கிடந்த வலப்பக்க உறுப்பு வளர்ந்து ஆண் சுரப்பு சுரக்கலாம். கொண்டை பெருக்கும், சேவலுக்கு இருப்பது போலக் காலில் முள் வளரும், கூவும். அதைச் சகுனம் என்று சொல்லி அறுக்கிறார்கள். அது சகுனம் இல்லை, இனி முட்டையிடாது என்பதற்கு உறுதியான அடையாளம், அவ்வளவுதான்.

ஆரோக்கியமாக நின்ற கோழிக்கு என்ன வழி

நாட்டுக்கோழி என்றால் என் முதல் பரிந்துரை அடை. வருடத்துக்கு இருபது முப்பது முட்டைதான் இடுகிறது, ஆனால் இரண்டு முறை அடைக்கு உட்காருகிறது என்றால் அந்தக் கோழிக்கு முட்டைக் கணக்கு பார்ப்பதே தவறு. இளம் கோழி பத்தாம் நாள் எழுந்து ஓடிவிடும். நாலு வயதுக் கோழி இடி இடித்தாலும் எழாது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். அடைக்கு உட்காரும் உணர்வு ஒரு சுற்று முட்டையின் முடிவில் வருவது. முட்டை அடியோடு நின்ற கோழி பெரும்பாலும் அடைக்கும் உட்காராது. கலப்பினமும் அப்படியே. ஆகவே குறைந்துகொண்டிருக்கும்போதே அடைக்கோழி என்று தனியாகக் குறித்துவிடுங்கள்.

இரண்டு நாள் பொய் முட்டையில் உட்கார வைத்து, எழாமல் இருந்தால் மூன்றாம் நாள் இரவில் நல்ல முட்டையை மாற்றுங்கள். கூடையில் மணல், மேலே வைக்கோல், வேப்பிலை. முட்டை ஒரு வாரத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது. சிறுவிடைக்கு 10, பெருவிடைக்கு 13 முதல் 15. தினமும் ஒருமுறை கால்மணி நேரம் வெளியே விட்டு, தின்று, எச்சமிட்டு, மண்ணில் புரண்டு வரச் செய்யுங்கள். ஏழாம் நாள் இருட்டில் கைபேசி விளக்கில் பார்த்து, ரத்த நாளம் ஓடாத முட்டையை எடுத்துவிடுங்கள். 21 நாள். வாத்து முட்டை என்றால் 28 நாள், எட்டு ஒன்பதுக்கு மேல் வேண்டாம், கடைசி வாரம் லேசாகத் தண்ணீர் தெளிக்க வேண்டும். கின்னிக்கோழிக்கு 26 முதல் 28 நாள். அந்த ஒரு வாரக் கூடுதலைத் தாங்குவது வயதான கோழிதான். வயலில் கிடைத்த மயில் முட்டையை வைப்பவர்கள் உண்டு, அது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம், செய்யாதீர்கள்.

முதிர்ந்த கோழி கூட்டத்தில் இருப்பதால் இன்னொரு நன்மையும் உண்டு. பருந்து நிழல் விழுந்த மாத்திரத்தில் குரல் கொடுப்பது அதுதான். புதுப் பெட்டைகள் எங்கே அடைய வேண்டும், கீரி வந்தால் எங்கே ஓட வேண்டும் என்று அதைப் பார்த்தே பழகும்.

சும்மா வைத்திருப்பதென்றால் செலவு தெரிந்து வையுங்கள். முழுக்கக் கைத்தீவனத்தில் நிற்கும் மாடிக்கோழி நாளைக்கு 90 கிராம் தின்றால் வருடத்துக்கு 33 கிலோ. கிலோ 35 ரூபாய் என்று வைத்தால் 1,150 ரூபாய். முட்டை 15 ரூபாய் என்று வைத்தால் 77 முட்டை இட்டால்தான் தன் தீவனத்துக்குக் கட்டும். பாதி மேய்ச்சலில் வயிற்றை நிரப்பும் கோழிக்கு 39 முட்டை போதும். இந்தக் கணக்கைப் போட்ட பிறகும் வைத்திருக்க மனம் வந்தால் தாராளமாக வையுங்கள், அதில் தவறே இல்லை. ஆனால் முறையாக வையுங்கள். முட்டைக்கோழித் தீவனத்தில் சுண்ணாம்புச் சத்து 4 சதவீதம் அளவுக்கு இருக்கும். முட்டையிடாத கோழிக்கு அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். வளர்கோழித் தீவனத்துக்கு மாற்றி, இடுகிற கோழிகளுக்குக் கிளிஞ்சலைத் தனிச் சட்டியில் வையுங்கள், வேண்டியது கொத்திக்கொள்ளும். கொம்பை ஒன்றரை அடிக்குத் தாழ்த்துங்கள். உயரத்திலிருந்து குதிப்பதாலும் பாதத்தில் ஆணிப்புண் வரும். கால் செதில்கள் தூக்கிக்கொண்டு சொரசொரப்பாக இருந்தால் அடியில் பூச்சி. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்துத் தேய்த்து, வேப்பெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் சமமாகக் கலந்து வாரம் இருமுறை ஒரு மாதம் தடவுங்கள். செதிலைப் பிய்க்காதீர்கள்.

ஏரிக்கரையிலோ தோப்பிலோ கொண்டு போய் விட்டுவருவதைச் சிலர் கருணை என்று நினைக்கிறார்கள். கூட்டில் வளர்ந்த கோழி அங்கே இரண்டு இரவு தாங்காது. நாயும் கீரியும் தின்பதுதான் நடக்கும், அதுவும் உயிரோடு.

அறுப்பதென்றால்

கலப்பின முட்டைக்கோழியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: ஆரோக்கியமாக இருக்கும்போதே, இரண்டு, இரண்டரை வயதில், உங்கள் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். தள்ளிப்போட்டால் பெரும்பாலும் வயிற்று நோயில்தான் முடியும். சந்தைக்குக் காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டுக் கொண்டு போய், வெயிலில் நாள் முழுக்கக் கிடத்துவதைவிட வீட்டில் முடிப்பது எவ்வளவோ மேல். வளர்த்த கையால் முடியாது என்றால் விடியற்காலையில் கூடையில் மூடி எடுத்துப்போய், கறிக்கடைக்காரரிடம் அறுத்து வாங்கிக்கொள்ளலாம்.

அதற்கு முன் பூச்சி மருந்தோ வேறு மருந்தோ கொடுத்திருந்தால், எத்தனை நாள் கழித்துக் கறிக்கு எடுக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முந்தின இரவு தீவனம் நிறுத்தி, தண்ணீர் மட்டும் வையுங்கள், இரைப்பை காலியாக இருக்கும். விடிவதற்கு முன் கொம்பிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, இறக்கை அடிக்காமல் அணைத்துக்கொள்ளுங்கள். கத்தி சவரக்கத்தி போல இருக்க வேண்டும். தாடைக்குச் சற்றுக் கீழே, இரு பக்க ரத்தக் குழாயும் ஒரே இழுப்பில் அறுபட வேண்டும். இரண்டு நிமிடம் ரத்தம் வடியவிடுங்கள்.

இறகு பறிக்கக் கொதிக்கும் நீரில் நேராக முக்கினால் தோல் வெந்து கிழியும். கொதிநீர் ஒரு பங்கு, குழாய்த் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 65 டிகிரிக்குப் பக்கமாக வரும். அதில் ஒரு நிமிடம், ஒன்றரை நிமிடம். கிழக்கோழியின் இறகு பிடிப்பு அதிகம், வால் இறகு சுலபமாக வந்தால் பதம். பிறகு மஞ்சள் தடவி வைக்கோல் தீயில் வாட்டுங்கள், பூ மயிர் போகும்.

வயிற்றைத் திறந்ததும் உடனே கழுவித் தள்ளிவிடாமல் முதுகெலும்பை ஒட்டிய சினைப்பையைப் பாருங்கள். இட்டுக்கொண்டிருந்த கோழி என்றால் கடுகு, மிளகு, சுண்டைக்காய், நெல்லிக்காய் என்று வரிசையாகப் பருத்த மஞ்சள் கருக் கொத்து தொங்கும். முட்டைக்குழாய் வெளுத்துத் தடித்து இரண்டடி நீளம் இருக்கும். நின்ற கோழிக்குச் சினைப்பை சாம்பல் நிறத்தில் சுருங்கி, குழாய் நூல் போல மெலிந்திருக்கும். முந்தின நாள் உங்கள் விரல் சொன்னது சரியா தப்பா என்பதற்கு இதைவிட நல்ல விடைத்தாள் இல்லை. நாலு கோழி இப்படிப் பார்த்துவிட்டால் ஐந்தாவது கோழியில் கை தவறாது.

கறி இறுகுவதற்குக் காரணம் தசையின் இணைப்பு நார்கள் வயதோடு ஒன்றோடொன்று பின்னிக்கொள்வது. அதிகத் தீயில் கொஞ்ச நேரம் மட்டும் கொதிக்கவிட்டால் தசை இன்னும் இறுகும், நார் கரைய நேரம் போதாது. அறுத்து அரை மணிக்குள் அடுப்பில் ஏற்றுங்கள், இல்லையென்றால் ஒரு நாள் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வையுங்கள். விறைத்த நேரத்தில் சமைப்பதுதான் மிக மோசம். குக்கரில் ஆறு முதல் எட்டு விசில், பிறகு சிறு தீயில் 20 நிமிடம். மண்சட்டி என்றால் இரண்டரை மணி நேரம். குழம்புக்கு ஒரு கிலோவுக்கு நாலு துண்டு பப்பாளிக்காய் அரைத்துத் தடவி அரை மணி ஊறவிடலாம், அதற்கு மேல் விட்டால் மேல்பக்கம் மட்டும் மாவாகும். ஆனால் கிழக்கோழியின் சிறப்பு சாறில்தான், இளம் கோழியில் அந்தச் சாரம் வராது. ஒரு கிலோவுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், தட்டிய சின்ன வெங்காயம் 15, பூண்டு 8 பல், மஞ்சள் அரைத் தேக்கரண்டி, கொத்தமல்லி வேர் ஒரு பிடி. நுரை எடுத்துவிட்டு, மேலே லேசாக அசையும் தீயில் மூன்று மணி நேரம். மிளகும் சீரகமும் வறுத்துப் பொடித்துக் கடைசி பத்து நிமிடத்தில். கருக் கொத்து கிடைத்தால் இறக்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பு போடுங்கள், உடையாது. வயிற்றுக் கொழுப்பைத் தனியாக உருக்கி வடித்து வையுங்கள், அதில் தாளித்தால் எண்ணெய் வேண்டாம்.

கழிப்பது என்று முடிவானால் மாற்றுக்கோழி முன்பே வந்துகொண்டிருக்க வேண்டும். தை, மாசியில் அடைவைத்த குஞ்சு ஆவணி, புரட்டாசியில் முட்டைக்கு வரும், பழசு இறகு உதிர்த்து நிற்கும் நேரத்தில் கூடை காலியாகாது. சித்திரை, வைகாசி அடையில் கூமுட்டை அதிகம், தவிர்த்துவிடுங்கள். வெளியிலிருந்து பெட்டை வாங்கினால் மூன்று வாரம் தனிக் கூட்டில் வைத்துப் பார்த்துவிட்டுக் கூட்டத்தில் சேர்த்துவிடுங்கள். ஒவ்வொரு வருடக் குஞ்சுக்கும் ஒரு நிறத்தில் கால்வளையம் போட்டு, எந்த நிறம் எந்த வருடம் என்று கூட்டுக் கதவின் உள்பக்கம் எழுதி வையுங்கள்.